அரசு நிறுவனம் விற்பனைக்கு வரும்போது: அறிவிப்பையும் ஆவணங்களையும் படிக்கும் முறை

ஒரு பொதுத்துறை நிறுவனத்தை விற்கப்போவதாக அரசு அறிவித்த மறுநாளே, அதைப் பற்றிய பேச்சு இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கிவிடுகிறது. "மக்கள் சொத்தைத் தாரைவார்க்கிறார்கள்" என்பது ஒன்று; "வணிகம் செய்வது அரசின் வேலையில்லை" என்பது மற்றொன்று. இரண்டுமே சில விற்பனைகளுக்குப் பொருந்தும், சிலவற்றுக்குப் பொருந்தாது. குறிப்பிட்ட ஒரு விற்பனைக்கு எது பொருந்தும் என்பதை அதன் ஆவணங்களில்தான் தேட வேண்டும். அமைச்சரவை முடிவு பற்றிய செய்திக்குறிப்பு, ஏலதாரர்களுக்கான தகவல் குறிப்பேடு, நிறுவனத்தின் ஆண்டறிக்கை, தணிக்கை அறிக்கை, நாடாளுமன்றத்தில் அளிக்கப்பட்ட பதில்கள் ஆகியவற்றில் பெரும்பாலானவை பொதுவெளியில் கிடைப்பவை. அவற்றை எந்த வரிசையில் படிப்பது, எந்த இடத்தில் நிறுத்தி நிதானமாகப் பார்ப்பது, எந்த எண்ணை நம்பி எந்த எண்ணைச் சந்தேகிப்பது என்பதையே இங்கே விளக்க முயல்கிறேன். ஊழியர், வாடிக்கையாளர், சிறு பங்குதாரர், வரி செலுத்துவோர் ஆகிய எவரும் கணக்குப் படிப்பு இல்லாமலே இதைச் செய்யலாம்.

கைமாறுவது எது என்பதைப் பிரித்தறிதல்

"தனியார்மயம்" என்ற ஒரே சொல்லால் நாம் குறைந்தது நான்கு வெவ்வேறு செயல்களைக் குறிக்கிறோம். அரசு தன் பங்குகளில் ஒரு சிறு பகுதியைச் சந்தையில் விற்று, நிர்வாகத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். நிர்வாகக் கட்டுப்பாட்டோடு சேர்த்துப் பெரும்பகுதியை ஒரே வாங்குபவரிடம் கொடுக்கலாம். உரிமையைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு, சொத்தின் வருவாயைப் பல ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு விடலாம். ஒரு அரசு நிறுவனத்தின் பங்கை வேறொரு அரசு நிறுவனத்தை வாங்கச் செய்து, அந்தப் பணத்தைப் பங்கு விற்பனை வருவாய் என்று கணக்கில் எழுதிக்கொள்ளவும் செய்யலாம்.

இந்திய உதாரணங்களை எடுத்துக்கொண்டால் வேறுபாடு தெளிவாகும். 2022 மே மாதம் எல்ஐசியின் பங்குகள் பொதுவெளியீட்டுக்கு வந்தபோது விற்கப்பட்டது 3.5 சதவீதம் மட்டுமே. பாலிசிதாரர்களுக்கு உரிய தொகைக்கு அரசு பொறுப்பேற்கும் 37ஆம் பிரிவு எல்ஐசி சட்டத்தில் அப்படியே இருக்கிறது. 2018 ஜனவரியில் இந்துஸ்தான் பெட்ரோலியத்தில் அரசு வைத்திருந்த 51.11 சதவீதப் பங்கை மற்றொரு அரசு எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசி 36,915 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அது அந்த ஆண்டின் பங்கு விற்பனை இலக்கை எட்ட உதவியதே தவிர, அதனால் தனியார் கைக்கு எதுவும் போகவில்லை; அரசின் ஒரு பையிலிருந்து மறு பைக்குப் பணம் மாறியது. 2022 ஜனவரி 27 அன்று ஏர் இந்தியா டாட்டா குழுமத்திடம் ஒப்படைக்கப்பட்டபோது மட்டுமே உரிமை, நிர்வாகம், பெயர் ஆகிய மூன்றும் ஒருசேரக் கைமாறின. மூன்றுக்கும் செய்திகளில் ஒரே சொல் பயன்பட்டதால் மூன்றின் மீதும் ஒரே கோபமும் ஒரே பாராட்டும் எழுந்தன.

எனவே அறிவிப்பில் முதலில் தேட வேண்டியது "நிர்வாகக் கட்டுப்பாடு மாற்றப்படும்" என்ற சொற்றொடர். அது இருந்தால் சதவீதம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அது தனியார்மயமே. வெளிநாட்டுத் தொலைத்தொடர்புச் சேவை வழங்கிய அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல்.-இன் 25 சதவீதப் பங்கு 2002 பிப்ரவரியில் 1,439 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டபோது, அந்தக் கால் பங்கோடு நிர்வாகமும் சென்றது.

சதவீதங்களில் இரண்டு எல்லைகளை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இந்தியக் கம்பெனிகள் சட்டப்படி, செலுத்தப்பட்ட பங்கு மூலதனத்தில் குறைந்தது 51 சதவீதம் மத்திய, மாநில அரசுகளிடம் இருந்தால்தான் அது "அரசு நிறுவனம்". பங்குதாரர்கள் முக்கிய முடிவுகளுக்காக எடுக்கும் சிறப்புத் தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வாக்கு தேவை என்பதால், 25 சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பவர் அத்தகைய தீர்மானங்களைத் தடுக்க முடியும். விற்பனைக்குப் பிறகும் அரசிடம் 26 சதவீதம் இருக்கும் என்று சொன்னால், அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். அது தடுக்கும் அதிகாரம் மட்டுமே. நடத்தும் அதிகாரம் அதில் இல்லை.

குத்தகை வகையைப் பற்றித் தனியாக எச்சரிக்கிறேன், ஏனெனில் "சொத்து அரசிடமே இருக்கிறது" என்ற உறுதிமொழி அதில் மிக எளிதாக ஏமாற்றிவிடும். அமெரிக்காவின் சிகாகோ மாநகராட்சி 2008இல் தனது ஏறத்தாழ 36,000 வாகன நிறுத்தக் கட்டண மீட்டர்களின் வருவாயை 75 ஆண்டுகளுக்குச் சுமார் 115 கோடி டாலருக்குக் குத்தகைக்கு விட்டது. குறைந்தது 97 கோடி டாலர் குறைவாகக் கொடுத்துவிட்டதாக அந்த மாநகராட்சியின் தலைமை ஆய்வாளரே மறு ஆண்டு அறிக்கை அளித்தார். தெரு இன்னமும் மாநகராட்சியுடையதுதான். ஆனால் விழாவுக்காகவோ பழுதுபார்ப்புக்காகவோ அந்தத் தெருவை மூடினால், இழந்த வருவாய்க்கு மாநகராட்சி ஈடு கொடுக்க வேண்டும். குத்தகை ஒப்பந்தம் கிடைத்தால் காலத்தையும் தொகையையும் பார்ப்பதோடு நின்றுவிடாமல், "ஈடு" என்ற சொல் எங்கெல்லாம் வருகிறது என்று தேடிப் படியுங்கள்.

நிறுவனம் எப்படிப் பிறந்தது?

அடுத்ததாக, அந்த நிறுவனம் தனிச் சட்டத்தால் அரசுடைமை ஆனதா, அல்லது கம்பெனிகள் சட்டத்தின் கீழ் சாதாரணமாகப் பதிவானதா என்று பாருங்கள். விற்பதற்கு யாருடைய ஒப்புதல் தேவை என்பதை இதுவே தீர்மானிக்கிறது. இந்துஸ்தான் பெட்ரோலியத்தையும் பாரத் பெட்ரோலியத்தையும் விற்க முயன்ற வழக்கில், 2003 செப்டம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம், நாடாளுமன்றச் சட்டங்களால் அரசுடைமையாக்கப்பட்டவற்றை அந்தச் சட்டங்களைத் திருத்தாமல் அமைச்சரவை முடிவால் மட்டும் விற்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அதற்கு இரண்டே ஆண்டுகள் முன்னதாக, 2001 டிசம்பரில், அரசின் அலுமினிய நிறுவனமான பால்கோவின் விற்பனையை எதிர்த்து அதன் ஊழியர் சங்கம் தொடுத்த வழக்கில் அதே நீதிமன்றம் பொருளாதாரக் கொள்கை முடிவுகளில் தலையிட மறுத்திருந்தது. நிறுவனம் பிறந்த விதம் வேறு, அதனால் கேள்வியும் வேறு.

இதில் கவனிக்க வேண்டிய தொடர்ச்சி ஒன்று உண்டு. எண்ணெய் நிறுவனங்களுக்குக் கவசமாக இருந்த அந்த அரசுடைமைச் சட்டங்கள், பயனற்றுப்போன பழைய சட்டங்களை மொத்தமாக நீக்கும் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அதிகம் பேசப்படாமலே நீக்கப்பட்டன. பின்னர் பாரத் பெட்ரோலியத்தின் 52.98 சதவீதத்தை விற்கும் முயற்சி தொடங்கியபோது சட்டத் தடை ஏதும் இருக்கவில்லை. ஏலத்தில் போதிய போட்டி இல்லாததால்தான் 2022 மே மாதம் அது கைவிடப்பட்டது. விற்பனை அறிவிப்பு வரும் நாளில் மட்டும் விழித்துக்கொள்பவர்களுக்கு இத்தகைய முன்னேற்பாடுகள் கண்ணில் படுவதில்லை. நிறுவனத்தின் மூலச் சட்டத்தில் பத்தாண்டுகளுக்குள் நடந்த திருத்தங்களைத் தேடிப் பார்ப்பது ஒரு மணி நேர வேலைதான்.

கட்டுப்பாடு மாறினால் எவையெல்லாம் நின்றுபோகும் என்பதையும் இந்த இடத்திலேயே பட்டியலிட்டுக்கொள்ளுங்கள். அரசு நிறுவனமாக இருக்கும்வரை தலைமைக் கணக்குத் தணிக்கையரின் ஆய்வு, தகவல் அறியும் உரிமைச் சட்டம், வேலைவாய்ப்பில் இடஒதுக்கீடு, அடிப்படை உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்தை நேரடியாக அணுகும் வாய்ப்பு ஆகியவை உண்டு. கடைசியாகச் சொன்னது எவ்வளவு முக்கியம் என்பதை ஏர் இந்தியா ஊழியர்கள் அனுபவத்தில் கண்டார்கள். நிறுவனம் அரசிடம் இருந்த காலத்தில் அவர்கள் தொடுத்திருந்த ரிட் மனுக்கள், விசாரணைக்கு வந்த நேரத்தில் நிறுவனம் தனியாருடையதாகிவிட்டதால் ஏற்கத்தக்கவை அல்ல என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறியது. வேறு சட்ட வழிகள் அவர்களுக்குத் திறந்தே இருந்தன என்றாலும், பல ஆண்டுகள் காத்திருந்த பிறகு முதல் படியிலிருந்து தொடங்குவது சாதாரணச் சுமையன்று.

நட்டம் என்றால் எந்த நட்டம்?

விற்பனைக்குச் சொல்லப்படும் காரணங்களில் நட்டமே முதலிடம் வகிக்கிறது. நட்டம் என்ற சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், ஐந்தாறு ஆண்டுகளின் ஆண்டறிக்கைகளைத் திறந்து அதை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். தொழிலை நடத்துவதிலேயே செலவு வரவை மிஞ்சுகிறதா? தொழிலில் மிச்சம் இருந்தும் பழைய கடனின் வட்டி அதை விழுங்குகிறதா? அல்லது கட்டுப்படியாகாத விலைக்கு விற்கும்படியும், ஆள் வராத தடத்தில் ஓடும்படியும், தேவைக்கு மீறி வேலைக்கு ஆள் எடுக்கும்படியும் அரசே சொன்னதால் வந்த நட்டமா? முதல் வகைக்கு நிர்வாக மாற்றம் மருந்தாகலாம். இரண்டாவதற்குக் கடன் சீரமைப்பே மருந்து. மூன்றாவது வகையில், விற்ற பிறகு அந்தச் சேவை நின்றுபோகும், அல்லது அதே மானியத்தைத் தனியாருக்குக் கொடுக்க நேரிடும்; எப்படியும் அந்தச் செலவு மறைந்துவிடாது.

மூன்றும் ஒன்றாகக் கலந்த நிலையை ஜப்பானின் தேசிய ரயில்வேயில் காணலாம். 1987 ஏப்ரலில் அது ஆறு பயணியர் நிறுவனங்களாகவும் ஒரு சரக்கு நிறுவனமாகவும் பிரிக்கப்பட்டபோது அதன் கடன் 37 லட்சம் கோடி யென்னுக்கு மேல் இருந்தது. அரசியல் அழுத்தத்தால் போடப்பட்ட தடங்களும், ஏற்ற முடியாத கட்டணங்களும், மிதமிஞ்சிய ஊழியர் எண்ணிக்கையும் அதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. புதிய நிறுவனங்கள் சுமக்கக்கூடிய அளவுக்குக் கடனைக் கொடுத்துவிட்டு, ஏறத்தாழ 25 லட்சம் கோடியை ஒரு தீர்வுக் கழகத்திடம் ஒப்படைத்தார்கள். ரயில்வேயின் நிலங்களையும் புதிய நிறுவனங்களின் பங்குகளையும் விற்று அதை அடைப்பதாகத் திட்டம். நில விலை ஏற்கெனவே எகிறிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் அதை மேலும் தூண்டிவிடக் கூடாது என்று அரசு நில விற்பனையைத் தள்ளிப்போட்டது. பிறகு விலையே சரிந்தது. 1998இல் கழகம் கலைக்கப்பட்டபோது கடன் குறையவில்லை, சுமார் 28 லட்சம் கோடியாக வளர்ந்திருந்தது. அதன் பெரும்பகுதி அரசின் பொதுக் கணக்கில், அதாவது வரி செலுத்துவோர் தலையில், விழுந்தது.

இதை முழுத் தோல்வி என்று சொல்வதும் பிழை. ஹோன்ஷு தீவின் மூன்று பயணியர் நிறுவனங்களும் லாபகரமாக, உலகம் வியக்கும் நேரந்தவறாமையுடன் ஓடுகின்றன. மக்கள் தொகை குறைந்த ஹொக்கைடோ, ஷிகோகு நிறுவனங்களின் பங்குகளோ இன்றும் அரசு அமைப்பிடமே இருக்கின்றன. லாபம் தரும் பகுதியைப் பிரித்து விற்றால், எஞ்சிய பகுதியை யார் சுமப்பது என்ற கேள்விக்கு அறிவிப்பில் விடை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

லாபம் ஈட்டும் நிறுவனத்தை விற்கும்போது கணக்கு வேறு. கற்பனையான எண்களில் சொல்கிறேன். ஒரு நிறுவனம் ஆண்டுதோறும் அரசுக்கு 100 கோடி ஈவுத்தொகை, அதாவது லாபத்தில் பங்குதாரருக்குரிய பகுதி, தருகிறது. அரசின் பங்குக்கு 1,000 கோடி விலை கிடைக்கிறது. அரசு 7 சதவீத வட்டிக்குக் கடன் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். விற்ற பணத்தில் கடனை அடைத்தால் ஆண்டுக்கு மிச்சமாகும் வட்டி 70 கோடி. இழக்கும் ஈவுத்தொகை 100 கோடி. மேலோட்டமாகப் பார்த்தால் இந்த விற்பனையில் நட்டம். ஆனால் ஈவுத்தொகை நிலையானதன்று, கடன் வட்டி நிலையானது. வாங்குபவர் தொழிலை வளர்த்தால் வரி வருவாய் கூடும். அதே நிறுவனத்துக்கு நாளை அரசு போட வேண்டியிருக்கும் முதலீடு மிச்சமாகும். இவற்றையும் சேர்த்துப் பார்த்த பிறகும் வித்தியாசம் பெரிதாக இருந்தால், விலை போதாது என்று சொல்ல உங்களிடம் உறுதியான அடிப்படை இருக்கிறது. விற்ற பணம் கடனை அடைக்கவோ புதிய சொத்தை உருவாக்கவோ செல்கிறதா, நடப்புச் செலவில் கரைகிறதா என்பதையும் வரவு செலவுத் திட்டத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். விதைநெல்லை உண்பதா விதைப்பதா என்பது அங்கேதான் தெரியும்.

விலையைப் பிரித்துப் படித்தல்

தலைப்புச் செய்தியில் வரும் தொகை அரசு கையில் பெறும் பணமாக இருக்க வேண்டியதில்லை. ஏர் இந்தியா 18,000 கோடிக்கு விற்கப்பட்டது என்று 2021 அக்டோபரில் எல்லோரும் படித்தோம். அந்த எண்ணைப் பிரித்தால், 15,300 கோடி என்பது வாங்குபவர் ஏற்றுக்கொண்ட கடன். அரசுக்கு ரொக்கமாக வந்தது 2,700 கோடி. 2021 ஆகஸ்ட் இறுதியில் நிறுவனத்தின் மொத்தக் கடன் 61,562 கோடி. அதில் 15,300 கோடி போக மீதமுள்ள 46,262 கோடி, சொத்து வைத்திருப்பதற்காகவே உருவாக்கப்பட்ட ஓர் அரசு நிறுவனத்துக்கு மாற்றப்பட்டது. அதே நிறுவனத்துக்கு 14,718 கோடி மதிப்புள்ள நிலம், கட்டடம் முதலியனவும் சென்றன. அந்தச் சொத்துகளையும் ரொக்கத்தையும் கழித்தால் அரசின் தோளில் எஞ்சியது 28,844 கோடி.

இந்த எண்ணை மட்டும் பார்த்து, காசு கொடுத்துத் தள்ளிவிட்டார்கள் என்று முடிவு கட்டுவது நியாயமாகாது. அந்தக் கடன் விற்றாலும் விற்காவிட்டாலும் அரசுடையதுதான். விற்காமல் இருந்தால் நாளொன்றுக்குச் சுமார் 20 கோடி நட்டம் தொடர்ந்திருக்கும் என்று அரசுத் தரப்பு கூறியது. 2018இல் 24 சதவீதத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு 76 சதவீதத்தை விற்க முயன்றபோது ஒருவர்கூட ஏலம் கேட்க வரவில்லை என்பதும் பதிவில் இருக்கிறது. ஆகவே சரியான கேள்வி, இந்த விலை குறைவா என்பதைவிட, இதே விற்பனை பத்து ஆண்டுகளுக்கு முன் நடந்திருந்தால் எஞ்சிய கடன் எவ்வளவாக இருந்திருக்கும் என்பதே. தாமதத்துக்கும் விலை உண்டு. அதை யாரும் அறிவிப்பில் எழுதுவதில்லை.

எந்த விற்பனையிலும் இதே பிரிப்பைச் செய்யலாம். மொத்தத் தொகை, அதில் ரொக்கம், வாங்குபவர் ஏற்கும் கடன், அரசிடம் எஞ்சும் கடன், அரசிடம் எஞ்சும் சொத்து என ஐந்து வரிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டாலே பாதித் தெளிவு பிறந்துவிடும். பிறகு ஏலத்தைப் பாருங்கள். அடிப்படை விலை எவ்வளவு, அதை நிர்ணயித்தது எப்போது, கடைசிச் சுற்றில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பவை முக்கியம். ஏர் இந்தியாவில் அடிப்படை விலை 12,906 கோடி. இரண்டாவது ஏலதாரர் கேட்டது 15,100 கோடி. ஒரே ஏலதாரர் மட்டும் எஞ்சிய விற்பனை எதுவானாலும் கூடுதல் ஐயத்துடன் பார்க்க வேண்டும்.

மதிப்பீட்டு முறையையும் கேளுங்கள். எதிர்கால வருவாயை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கணக்கிடுவது, ஒத்த நிறுவனங்களின் சந்தை விலையோடு ஒப்பிடுவது, ஏட்டு மதிப்பு, சொத்துகளின் இன்றைய சந்தை மதிப்பு ஆகியவை வழக்கமான முறைகள். வருவாயை வைத்துக் கணக்கிட்டால், பயன்படுத்தப்படாமல் கிடக்கும் நிலத்துக்கு ஏறக்குறைய மதிப்பே வராது; நிலம் அதிகம் உள்ள பழைய நிறுவனங்களில் இதுவே மிகப் பெரிய ஓட்டை. வி.எஸ்.என்.எல். விற்பனையில் இதை முன்கூட்டியே உணர்ந்து, புனே, கொல்கத்தா, டெல்லி, சென்னை ஆகிய இடங்களில் இருந்த 773 ஏக்கர் உபரி நிலத்தை விற்பனையிலிருந்து விலக்கி வைத்தார்கள். அந்த ஒரு விதி அரசுக்குக் காத்துக் கொடுத்தது சிறு தொகையன்று.

விற்றவுடன் மறுவிற்பனை செய்யத் தடை இருக்கிறதா என்பதும் விலையின் ஒரு பகுதியே. மும்பை விமான நிலையத்தை ஒட்டிய சென்டார் ஹோட்டல் 2002இல் 83 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டு, சில மாதங்களிலேயே 115 கோடிக்குக் கைமாறியது. தணிக்கையர் அதைக் கண்டித்தார். பங்குச் சந்தை வழியாக விற்றால் இந்த நழுவல் முதல் நாளிலேயே தெரிந்துவிடும். பிரிட்டனின் ராயல் மெயில் 2013 அக்டோபரில் ஒரு பங்கு 330 பென்ஸ் என்ற விலையில் விற்கப்பட்டது. அன்று மாலை சந்தை விலை 455 பென்ஸ். எதிர்த்திசையிலும் இது நடக்கும். மலேசிய அரசு தன் விமான நிறுவனத்தின் பங்கை 1994இல் தனியாருக்கு விற்று, 2001இல் சந்தை விலை 3.62 ரிங்கிட்டாக இருந்தபோது பங்குக்கு 8 ரிங்கிட் கொடுத்துத் திரும்ப வாங்கியது.

ஆனால் இருபது ஆண்டுகளுக்குப் பிந்தைய விலையை எடுத்து வந்து விற்பனை விலையோடு ஒப்பிடும் வாதத்தில் நான் சேருவதில்லை. இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்தின் 26 சதவீதம் 2002இல் 445 கோடிக்கு விற்கப்பட்டது. இன்றைய மதிப்போடு ஒப்பிட்டால் அது அற்பத் தொகை. இடையில் உலோக விலை ஏறியது, உற்பத்தி பன்மடங்கானது, புதிய முதலீடு வந்தது. இவற்றில் எது அரசிடம் இருந்திருந்தாலும் நடந்திருக்கும் என்று நிரூபிப்பது கடினம். அந்த விற்பனை குறித்து விசாரிக்க 2021இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதற்குக் காரணம், விற்ற நாளில் நடந்த மதிப்பீட்டிலும் நடைமுறையிலும் எழுந்த கேள்விகள். நாமும் அந்த நாளின் கேள்விகளையே கேட்க வேண்டும்.

விற்ற மறுநாள் யார் கட்டுப்படுத்துவார்?

என் கருத்தில் இதுவே எல்லாவற்றையும்விட முக்கியமான பகுதி. அறிவிப்புகளில் மிகக் குறைவாக எழுதப்படும் பகுதியும் இதுதான். வாங்குபவருக்குப் போட்டி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். தொலைபேசி, விமானப் பயணம், ஹோட்டல், எஃகு போன்றவற்றில் வாடிக்கையாளர் வேறு ஒருவரிடம் போக முடியும். குடிநீர்க் குழாய், மின்கம்பி, ரயில் தடம் ஆகியவற்றில் போக முடியாது. அங்கே விற்கப்படுவது தொழிலோடு சேர்ந்த ஏகபோகமும் ஆகும். அதைக் கட்டுப்படுத்த வலுவான ஒழுங்குமுறை ஆணையம் விற்பனைக்கு முன்பே பணியில் இருக்க வேண்டும், பின்னர் அமைப்போம் என்ற வாக்குறுதி போதாது.

இங்கிலாந்து, வேல்ஸின் பத்து குடிநீர் அமைப்புகளும் 1989இல் விற்கப்பட்டன. விற்பதற்கு முன் அவற்றின் பழைய கடன்கள் ஏறத்தாழ முழுவதுமாகத் தள்ளுபடி செய்யப்பட்டன. கடனின்றித் தொடங்கிய அந்தத் துறையின் கடன் இன்று 6,000 கோடி பவுண்டுக்கு மேல். ஒழுங்குமுறை ஆணையம் இல்லாமல் இல்லை. அது கட்டணத்தைக் கவனித்த அளவுக்கு, உரிமையாளர்கள் கடன் வாங்கிக்கொண்டே ஈவுத்தொகை எடுத்ததைக் கவனிக்கவில்லை. எனவே ஆணையம் இருக்கிறதா என்று கேட்பதோடு, கடன் வரம்பை விதிக்க, ஈவுத்தொகையை நிறுத்த, உரிமத்தை ரத்து செய்ய அதற்கு அதிகாரம் உண்டா என்றும் கேளுங்கள். பாரிஸ் நகரம் தனியார் ஒப்பந்தங்கள் முடிந்ததும் 2010 ஜனவரியில் குடிநீரைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ஒப்பந்தத்துக்கு ஒரு முடிவு நாள் இருந்ததால்தான் அது அமைதியாக நடந்தது.

நிறுவனம் நொடித்தால் என்ன ஆகும் என்பதையும் படியுங்கள். பிரிட்டனில் ரயில் தடங்களை வைத்திருந்த ரெயில்டிராக் 1996இல் சந்தைக்கு வந்து, 2000ஆம் ஆண்டு ஹாட்ஃபீல்ட் விபத்துக்குப் பின் தடங்களைச் சீர்செய்யும் செலவில் தத்தளித்து, 2001இல் வீழ்ந்தது. ரயில்களை நிறுத்த முடியாது என்பதால் பொறுப்பு மீண்டும் பொதுமக்களிடமே வந்தது. நியூசிலாந்து தன் ரயில்வேயை 1993இல் 32.8 கோடி நியூசிலாந்து டாலருக்கு விற்று, 2008இல் 66.5 கோடிக்குத் திரும்ப வாங்கியது. நின்றுபோக விட முடியாத சேவையில் லாபம் தனியாருக்கும் நட்டம் அரசுக்கும் என்ற ஏற்பாடு, ஒப்பந்தத்தில் எழுதப்படாமலே அமைந்துவிடுகிறது.

ஊழியர் பார்க்க வேண்டியவை

ஊழியராக இருந்தால், பங்குக் கொள்முதல் ஒப்பந்தத்தின் ஊழியர் பிரிவைச் சொல்லுக்குச் சொல் படியுங்கள். ஏர் இந்தியாவில் ஓராண்டுக்கு ஆட்குறைப்பு இல்லை என்றும், இரண்டாம் ஆண்டில் குறைக்க வேண்டுமானால் விருப்ப ஓய்வுத் திட்டம் அளிக்க வேண்டும் என்றும் விதி இருந்தது. காலம், விருப்ப ஓய்வுக்கான கணக்கீடு, பணிக்கொடை, வருங்கால வைப்பு நிதி அறக்கட்டளையின் எதிர்காலம், ஓய்வுக்குப் பிந்தைய மருத்துவ வசதி, குடியிருப்பைக் காலி செய்ய வேண்டிய நாள் ஆகியவை தனித்தனியே எழுதப்பட்டிருக்க வேண்டும். "தற்போதைய பணி நிபந்தனைகள் தொடரும்" என்ற பொதுவான வரியை நம்பாதீர்கள்.

எப்போது, எங்கே கேட்பது

கொள்கையளவு ஒப்புதலுக்கும் விலை கேட்புக்கும் இடைப்பட்ட மாதங்களே கேள்விகளுக்குப் பலன் கிடைக்கும் காலம். ஏலதாரர்களுக்கான தகவல் குறிப்பேடு வெளிவந்ததும் அதிலுள்ள நிலப் பட்டியலையும் நிலுவை வழக்குகளின் பட்டியலையும் சரிபாருங்கள். உள்ளே வேலை செய்பவர்களுக்குத் தெரியும் பிழைகள் ஆலோசகர்களுக்குத் தெரியாது. நாடாளுமன்ற உறுப்பினர் வழியாகக் கேள்வி எழுப்புங்கள். நிறுவனம் அரசிடம் இருக்கும்போதே தகவல் அறியும் உரிமை மனுக்களை அனுப்பி முடியுங்கள்.

மாற்று வழியையும் கையில் வைத்துக்கொண்டு பேசுவது பயன் தரும். 2013இல் பங்குச் சந்தை விதிகளுக்காக நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தின் பங்கை விற்க வேண்டிய நிலை வந்தபோது, எதிர்ப்போடு நிற்காமல் தமிழ்நாடு அரசு தன் பொதுத்துறை நிறுவனங்கள் வழியாக அந்த 3.56 சதவீதத்தை வாங்க முன்வந்தது. ஐந்து மாநில நிறுவனங்கள் வாங்கின. விதியும் நிறைவேறியது, பங்கும் பொதுத்துறைக்குள்ளேயே நின்றது. நடைமுறை தவறினால் விற்பனையே நிலைக்காது என்பதற்கு இலங்கை உதாரணம்: 2003இல் விற்கப்பட்ட இலங்கைக் காப்புறுதிக் கூட்டுத்தாபனத்தை, ஆறு ஆண்டுகளுக்குப் பின் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அரசிடமே திரும்ப ஒப்படைத்தது.

விற்க வேண்டாம் என்று வாதிடுபவர்களுக்கும் அதே அளவு கடமை உண்டு. தலைவர் பதவி எத்தனை மாதங்கள் காலியாகக் கிடக்கிறது, இயக்குநர் குழுவில் சுயேச்சையானவர்கள் யார், அரசுத் துறைகள் அந்த நிறுவனத்துக்குத் தர வேண்டிய பாக்கி எவ்வளவு என்று அவர்கள் ஆண்டுதோறும் கேட்க வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் பெரும்பான்மைப் பங்கு அரசின் முதலீட்டு நிறுவனமான டெமாசெக்கிடம்தான் இருக்கிறது. அன்றாட நிர்வாகத்தில் அமைச்சகம் கை வைப்பதில்லை என்ற ஒழுங்கே அதைக் காப்பாற்றுகிறது. உரிமை அரசிடம் இருந்தும் அந்த ஒழுங்கு இல்லாத நிறுவனம், விற்பனைக்கான காரணத்தைத் தானே ஆண்டுதோறும் எழுதிக்கொண்டிருக்கும்.

விற்பனை முடிந்த பிறகும் அந்தக் கோப்பை மூடிவிடாதீர்கள். வாங்குபவர் ஒப்புக்கொண்ட முதலீடு, மறுவிற்பனைத் தடைக் காலம், ஊழியர் விதிகளின் கடைசி நாள், அரசிடம் எஞ்சிய சொத்து ஆகியவற்றுக்குரிய தேதிகளைக் குறித்து வைத்து, ஒவ்வொரு தேதியிலும் திரும்பப் பாருங்கள். 2002இல் விலக்கி வைக்கப்பட்ட வி.எஸ்.என்.எல். உபரி நிலத்துக்கென அமைக்கப்பட்ட தனி நிறுவனத்தின் பங்குகள் சந்தையில் பட்டியலிடப்பட்டது 2020 அக்டோபரில்.